சிறைக்கு முன்னால் ஒரு தாள்

"வீட்டுல சொல்லிடுவேன்." ஒரே வாடகை வீட்டில் துணைவர்களாக வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவர் மற்றவரிடம் இப்படிச் சொன்னால், அதை வெறும் வாய்ச்சண்டை என்று தள்ளிவிட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு, உடலுக்கும் உடைமைக்கும் மட்டுமல்ல, நற்பெயருக்குக் கேடு செய்வேன் என்று மிரட்டுவதையும் குற்றம் என்கிறது. 2 ஆண்டு வரை சிறை. கொலை மிரட்டல் என்றால் 7 ஆண்டு வரை. சட்டம் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் காவல் நிலையத்துக்குப் போய், 'அவர் உனக்கு என்ன உறவு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம் போன்ற ஊரில் ஸ்டேஷன் வாசலில் நின்றது யார் என்பது கடைத்தெருவுக்குத் தெரிய அரை மணி நேரம் போதும். எது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தாரோ, அதைப் புகார் மனுவே ஊருக்குச் சொல்லிவிடும். இத்தனைக்கும் மிரட்டப்பட்டவருக்கு வேண்டியது எதிராளியின் ஜெயில் வாசம் அல்ல, 'இனி என் வாசலுக்கு வராதே, போன் பண்ணாதே' என்பது மட்டுமாகவே இருக்கலாம்.

இந்த 'வராதே'யை நீதிமன்ற உத்தரவாக ஆக்கித் தரும் சட்டம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவு ஒரு தாள்தான். மனுதாரர் வேலை பார்க்கும் இடத்துக்குள் நுழையக் கூடாது. நேரிலோ கடிதத்திலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ள முயலக் கூடாது. அவருடைய உறவினர் மீதோ அவருக்கு உதவியவர் மீதோ வன்முறை செய்யக் கூடாது. இதற்காக யாரையும் கைது செய்ய வேண்டியதில்லை. தாளை மீறினால்தான் 31ஆம் பிரிவு எழுந்து வரும்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறையை முதல் படியில் வைக்காமல் கடைசிப் படியில் வைத்த இந்த ஏற்பாடு, நம் சட்டப் புத்தகத்தில் உள்ள நல்ல யோசனைகளில் ஒன்று. குறை அதன் வாசற்படியில் இருக்கிறது.

அந்த வாசலில் 'பெண்' என்று எழுதியிருக்கிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிக்கிறாள் என்பதற்காகத் தாயோ அண்ணனோ அடித்தால் அவள் தாராளமாக உள்ளே வரலாம். எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற சொல்லை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கிவிட்டது. துணைவியே அடித்தால் கதை வேறு. இந்தச் சட்டம் சொல்லும் 'திருமணத்தை ஒத்த உறவு' எது என்று 2010இல் வேலுசாமி வழக்கில் விளக்கிய உச்ச நீதிமன்றம், இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றது. தன்பாலினத் திருமணத்துக்கு அந்தத் தகுதியை 2023இல் அதே நீதிமன்றம் தரவில்லை. பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் வாசலை எட்டிப் பார்க்கவே முடியாது. இலங்கையில் நிலைமை தலைகீழ். அங்குள்ள 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் ஆண், பெண் பேதம் பார்க்காமல் உடன் வாழும் துணைக்கும் பாதுகாப்புக் கட்டளை தருகிறது; ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அந்த உறவையே குற்றமாக வைத்திருக்கின்றன. பாதுகாப்புக் கேட்டுப் போனால் தன் மேலேயே வழக்கு வருமோ என்று பயப்பட வேண்டும்.

மிரட்டுகிறவனுக்குத் தாளா, அவனை உள்ளே தள்ள வேண்டாமா என்று கேட்பவர்கள் பெண்ணாடத்துக்கு அடுத்திருக்கும் விருத்தாசலத்தின் கதையை நினைக்கட்டும். 2003 ஜூலையில் சாதி மாறி மணந்த கண்ணகியும் முருகேசனும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது 2021இல். தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ் அதிகாரிகளும் உண்டு. கொலைக்குச் சிறைதான் தீர்ப்பு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்தச் சிறை 18 ஆண்டு கழித்து வந்தது. கொலைக்கு முன்பு வந்திருக்க வேண்டிய எதுவும் வரவில்லை. குடும்ப வன்முறைக்குக் கைது மட்டுமே மருந்தா என்பதற்கு அமெரிக்காவில் பரிசோதனையே நடந்தது. 1980களின் தொடக்கத்தில் மினியாபொலிஸ் நகரில், கைதானவர்கள் மறுபடி அடிப்பது குறைந்தது என்று கண்டார்கள். வேறு நகரங்களில் திரும்பச் செய்தபோது விடை ஒன்றுபோல் வரவில்லை. சில இடங்களில் வேலையில்லாதவர்கள் கைதுக்குப் பின் அதிகமாக அடித்தார்கள்.

'சிறைக்கு மாற்று' என்றதும் எனக்கே ஒரு பயம் உண்டு. நம் ஊரில் அது சீக்கிரமே 'பேசி அனுப்பிட்டோம்' என்று ஆகிவிடும். 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் முன் வந்த வழக்கே சாட்சி. 25 வயதுப் பெண்ணை அவர் துணைவியிடமிருந்து பிரித்துப் பெற்றோரோடு போகச் சொன்னது போலீஸ். வீட்டில் அடித்தார்கள், 'சரியாக்க' சடங்கு செய்தார்கள் என்று அவர் நீதிபதிகளிடம் சொன்னார். நீதிமன்றம் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. பெற்றோர் தலையிடக் கூடாது என்றது, போலீசைப் பாதுகாப்புத் தரச் சொன்னது, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் எழுதியது. ஸ்டேஷனில் எழுதி வாங்கும் 'இனி தொந்தரவு செய்ய மாட்டேன்' கடிதத்துக்கும் இந்த உத்தரவுக்கும் உள்ள தூரம்தான் கட்டப்பஞ்சாயத்துக்கும் நீதிக்கும் உள்ள தூரம். கவுன்சிலிங்கும் அப்படித்தான்: மனத்தை மாற்றும் கவுன்சிலிங் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டத்தில் 'பெண்' என்ற சொல்லையே எடுத்துவிடலாமே என்றால், கூடாது என்பேன். அடிக்கிற கணவன் எதிர்மனு போட அது வசதியாகிவிடும். தன்பாலினத் துணைக்கென்று தனியாக ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். இங்கிலாந்து 2004இல் தன் சட்டத்தைத் திருத்தி இவர்களைச் சேர்த்துக்கொண்டது. இங்கே அப்படித் திருத்தும்வரை ஆண்களுக்குக் கோட்டாட்சியர் முன் நன்னடத்தைப் பிணைப் பத்திரமும் சிவில் நீதிமன்றத் தடையாணையுமே மிச்சம். பிறந்த வீட்டின் மிரட்டலில் சிக்கிய பெண்ணுக்கு இன்றே வழி இருக்கிறது: 181க்கு அழைக்கலாம், கடலூர் மாவட்ட சமூக நல அலுவலகத்திலுள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், நேரே மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலை இலவசமாகத் தரும். எஃப்.ஐ.ஆர். தேவையில்லை.