இன்வெர்ட்டருக்கு எந்தச் சுவர்?

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் சந்துக்குள் சந்தாகப் போகும் குடியிருப்புகளில், மொட்டைமாடியில் சோலார் தகடு போட இடம் கிடைத்துவிடும். இன்வெர்ட்டரை எங்கே மாட்டுவது என்பதுதான் கேள்வி. மழைக்குப் பயந்து பலரும் அதை வீட்டுக்குள்ளேயே, படுக்கையறையை ஒட்டிய நடையில் மாட்டிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதனால் சோலாரைப் பற்றி யோசிக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. தகடு எத்தனை, பேட்டரி எவ்வளவு என்று கேட்கும்போதே சத்தத்தைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும்.

அந்தச் சத்தம் மூன்று இடங்களில் பிறக்கிறது.

முதலாவது, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகளின் ரீங்காரம். இரும்பு காந்தமாகும்போது அதன் நீளம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறுகிறது. காந்தம் எந்தத் திசையில் ஏறினாலும் மாற்றம் ஒன்றேதான். ஆகவே நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரும்பு நொடிக்கு 100 முறை அதிர்கிறது.

இரண்டாவது, கீச்சொலி. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்க டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுகின்றன; அந்தத் தாளத்துக்குச் செம்புச் சுருள்கள் அதிர்கின்றன. 15,000 ஹெர்ட்ஸில் எழும் கீச்சொலி பேரனுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் யாருக்குமே கேட்காது.

மூன்றாவது, விசிறி. பெரும்பாலான வீடுகளில் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். 95 சதவீதத் திறனுள்ள 5 கிலோவாட் கருவி முழுச்சுமையில் ஓடினால் சுமார் 250 வாட் வெப்பமாகிறது. கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் அதை வெளியேற்ற விசிறி முழுவேகத்தில் சுழலும். தூசி அடைத்த வலையைச் சுத்தம் செய்து, கருவியைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடம் விட்டால் வேகம் தானே இறங்கும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சத்தம் ஏறக்குறைய 5 டெசிபெல் குறையும்.

‘ஒரு பெட்டி செய்து மூடிவிட்டால் என்ன?’ என்று தோன்றும். சினிமாக்காரர்கள் இதை முன்பே செய்து பார்த்தவர்கள். பேசும்படம் வந்த புதிதில் கேமராவின் கடகட ஓசை ஒலிப்பதிவில் விழாதிருக்க, கேமராவையும் ஒளிப்பதிவாளரையும் சேர்த்துக் கூண்டுக்குள் அடைத்தார்கள் ஹாலிவுட்டில். உள்ளே வெக்கை தாங்கவில்லை. பிறகு கேமராவுக்கு மட்டும் ஒலித்தடுப்பு உறை வந்தது. கேமராவுக்கு அது சரி. நூற்றுக்கணக்கான வாட் வெப்பம் கக்கும் இன்வெர்ட்டருக்குச் சரிப்படாது. காற்று அடைபட்டால் விசிறி இன்னும் கத்தும், கருவி சூடேறித் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும், ஆயுளும் தேயும்.

ஆகவே கவனிக்க வேண்டியது சுவரை. கருவி ஓடும்போது பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால், வீணைக்குக் குடம் செய்கிற வேலையை உங்கள் சுவர் செய்துகொண்டிருக்கிறது. பிளைவுட் பலகையும் 5 அங்குலத் தடுப்புச் சுவரும் இதில் மோசம். 10 அங்குலச் செங்கல் சுவர் நல்லது. கருவிக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் புஷ் வையுங்கள். எடையில் 1 மில்லிமீட்டர் இசைந்து கொடுக்கும் ரப்பர் போதும். அதன் இயல்பு அதிர்வு 16 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும் என்பதால் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். ஆனால் திருகை இறுக்கி ரப்பரை நசுக்கிவிட்டால் பயனில்லை.

சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் கீச்சொலியைக் குறைக்கும், ரீங்காரத்தைத் தொடாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் இங்குள்ள வெப்பத்தில் சுமார் 3.5 மீட்டர், இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் அதற்கு எம்மாத்திரம்! அதே 3.5 மீட்டர் நீள அறையில் ரீங்காரம் சுவரோரம் ஓங்கி, சுவரிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் தணியும். தலைமாட்டைச் சுவரிலிருந்து நகர்த்தினாலே சில வீடுகளில் நிம்மதி கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட நல்லது, இடம் மாற்றுவது. மொட்டைமாடிப் படியின் தலைப்பில் வங்காளிகள் கட்டும் ‘சிலேகோட்டா’ அறை, வெயில் நேரே விழாமல் காற்றோட்டமும் இருந்தால், பொருத்தமான இடம். பேட்டரியும் கூடவே போக வேண்டும்: 48 வோல்ட்டில் 5 கிலோவாட் எடுத்தால் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும், அந்தக் கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். 230 வோல்ட் ஒயர் கீழே வீடுவரை நீளலாம்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வைத்த வரம்பு 45 டெசிபெல். படுக்கையறைக்குள் 30 போதும் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். விசிறியில்லாத கருவிகள் பலவும் 30க்குள் அடங்குகின்றன. விசிறி வைத்தவை பெரும்பாலும் 50ஐத் தொடும். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு இரு மடங்காகத் தோன்றும் என்பதால் இது நாலு மடங்கு இரைச்சல். ஆகவே வாங்கும்போதே விவரத்தாளில் டெசிபெல் எண்ணைப் பாருங்கள். மிஸ்திரி டிரில்லைக் கையில் எடுக்கும் முன், அந்தச் சுவரின் மறுபக்கம் யார் படுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒருமுறை மாட்டினால் பல ஆண்டுகள் அங்கேயே ஓடப்போகும் கருவி அது.