ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் பத்திரம் வேண்டாம்

பணி நிறைவு விழா முடிந்து மாலையோடு வீடு திரும்புபவருக்கு முதல் சில மாதங்கள் இனிமையாகவே போகும். கோயில், கல்யாண வீடு, பேரப்பிள்ளைகள், மதியத் தூக்கம். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆரம்ப உற்சாகம் வடிந்ததும் ஏமாற்றமும் வெறுமையும் வரலாம், பிறகே மனிதர் தன் நாளை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்கிறார் என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி. எல்லோருக்கும் இது ஒரே வரிசையில் நடப்பதில்லை.

நம் ஊரில் இந்த வெறுமை வரும் நேரத்தில்தான் கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் கையில் இருக்கின்றன. நேற்றுவரை "சார்" என்று எழுந்து நின்றவர்கள் இன்று போனில்கூடக் கூப்பிடுவதில்லை. அப்போது மகன் வந்து, "அப்பா, வீட்டை என் பேருக்கு எழுதிடுங்களேன்" என்று கேட்டால், தன்னை இன்னும் ஒருவர் தேடி வருகிறாரே என்ற நிம்மதியிலேயே கையெழுத்து விழுந்துவிடுகிறது. அதிக வட்டி என்று ஆசை காட்டும் ஏஜென்டிடம் மொத்தப் பணத்தையும் கொடுப்பதும் இப்படித்தான். முதல் ஓராண்டு இவ்விரண்டையும் தள்ளிப்போடுங்கள். மனைவிக்குத் தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எழுதிக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பி எழுதியவர்கள் கோர்ட்டில் அலைந்திருக்கிறார்கள். நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்க, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழி செய்கிறது. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

மனதைப் பார்த்துக்கொள்வதும் உரிமைதான். தூக்கமின்மை, பசியின்மை, காரணம் தெரியாத உடல்வலி, சிடுசிடுப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். முதியவர்களிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் உடல் உபாதையாகத் தலைகாட்டுவது உண்டு. தைராய்டு கோளாறும் பி12 குறைபாடும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவை. அரசு செலவில் நடக்கும் மனநல சேவையைப் பெறும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எல்லோருக்கும் தந்திருக்கிறது.

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. வீட்டில் பிள்ளைகள் முன் பேசத் தயக்கமாக இருந்தால், நடைப்பயிற்சிக்குப் போகும்போது கூப்பிடுங்கள்.