முதலில் கொழுஞ்சி, பிறகு மரம்

திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டில் போனால் தாழையூத்து வரும். 1949இல் இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை இங்கே எழும்பக் காரணம், மண்ணுக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல். கல்லை எடுத்தால் மிஞ்சுவது ஒரு குழியும், பக்கத்தில் கொட்டிய மண்மேடும். அதில் மறுபடி பச்சை வருமா?

வரும். ஆனால் மரக்கன்றில் ஆரம்பித்தால் வராது. மேட்டில் கிடப்பது சரளும் உடைகல்லும்தான், மக்கு கிடையாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. கன்று மஞ்சளடித்து நிற்கும், சித்திரை வெயிலில் கருகும்.

உயிர் இருப்பது மேல்மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குள். விதை, வேர்த்துண்டு, பூஞ்சை, மண்புழு எல்லாம் அங்கேதான். அதைத் தனியே எடுத்துவைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் மத்திய கனிம விதிகள். மலைபோல் குவித்து வருஷக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே எல்லாம் செத்துப்போகும். இன்று வெட்டுகிற இடத்து மேல்மண்ணை, வெட்டி முடித்த இடத்தில் அப்போதே விரிப்பதுதான் உத்தமம்.

அடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் விதைப்பு. வயலுக்குப் பசுந்தாள் உரமாகப் போடும் கொழுஞ்சி இங்கே முதல் ஆள். காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆடுமாடு வாய் வைக்காது. விதைத்தோல் கெட்டி என்பதால் மணலோடு தேய்த்துவிட்டுத் தூவ வேண்டும். கூடவே ஆவாரையும் புல்லும். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கக்காரர்களுக்கு நிபந்தனையாக விதிக்கும்படி மத்திய அரசிடம் சொன்னதும் இதைத்தான்: வேலை முடிந்த நிலத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும். மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம்.

மண் கொஞ்சம் கனிந்த பிறகு உடை, வெள்வேல், வேம்பு. குடை விரித்ததுபோல் நிற்கும் உடைமரம் இந்தச் சீமைக்கே உரியது. அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும்; வயிற்றுக்குள் போய் வந்த விதை லேசாக முளைக்கும். அதனால் கிடைப் புழுக்கையையே விதையாகத் தூவலாமே என்று தோன்றும். அங்கேதான் வில்லங்கம்: சீமைக்கருவேலமும் அதே வழியில்தான் ஊரெல்லாம் பரவியது; புழுக்கையில் அதன் விதையும் கலந்தே வரும். நெற்றைக் கையால் பொறுக்கி, விதையை வெந்நீரில் ஊறவைத்து ஊன்றுவதே மேல்.

சுண்ணாம்புக் குழியில் பச்சை வந்ததற்கு வெளியூர்ச் சாட்சியும் உண்டு. கென்யாவின் மொம்பாசா அருகே பம்புரி சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரியில், 1971இல் ரெனே ஹாலர் என்பவர் பல வகை மரங்களை நட்டுப் பார்த்தார். நன்றாகப் பிடித்தவற்றில் ஒன்று சவுக்கு. ஆனால் உதிர்ந்த சவுக்கு ஊசி மக்காமல் மெத்தையாகக் கிடந்தது. அவர் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று கழித்ததுதான் அங்கே புது மண்ணானது. நம்மூரில் யாரும் மரவட்டை வாங்கப் போக வேண்டாம்; பழைய மேல்மண் திரும்ப வந்தால், அதுவும் கூடவே வந்துவிடும்.