எண் குறைந்தால் மருந்தை நிறுத்தலாமா?

வலித்தால் மருத்துவரை நாடுவதும், வலி நீங்கினால் மருந்தை நிறுத்துவதும் நம் வழக்கம். கொலஸ்ட்ராலுக்கு இது பொருந்தாது. அது வலிப்பதில்லை, ரத்தக் குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்து, பலருக்கு மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோதான் முதன்முதலில் வெளிப்படுகிறது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ 24 சதவீதத்தினருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் இயல்பளவைக் கடந்துள்ளது.

கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது. எனவே, ஒல்லியானவர்களுக்கும் சைவ உணவினருக்கும்கூட மரபுக் காரணங்களால் அதன் அளவு மிகலாம். அதனால் உணவுக் கட்டுப்பாடு வீண் என்பதல்ல. நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐ உயர்த்துகிறது. நியாயவிலைக் கடைப் பாமாயிலைத் தவிர்க்க இயலாத குடும்பங்களும் அதன் அளவைக் குறைக்கலாம். பயறு, கீரை, காய்கறிகளைக் கூட்டுவதும், வாரத்துக்கு 150 நிமிடங்கள் விரைந்து நடப்பதும், புகையிலையைக் கைவிடுவதும் இதயத்தைக் காக்கும்.

இவை போதாதபோது மருந்து தேவை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்து கண்டறிந்த சேர்மமே ஸ்டாடின் மருந்துகளின் முன்னோடி. அவை கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கின்றன. இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், சிம்வாஸ்டாடின் உட்கொண்டோரிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்தது.

ஆனால், பரிசோதனையில் எண் குறைந்ததுமே பலர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நனையவில்லை என்பதால் மழை நின்றுவிட்டதாக எண்ணிக் குடையை மடக்குவதற்கு ஒப்பானது இது. சில வாரங்களிலேயே பழைய அளவு திரும்பிவிடும். தசைவலி போன்ற தொல்லைகள் இருப்பின், மருந்தின் அளவையோ வகையையோ மருத்துவர் மாற்றித் தருவார். அறிக்கையில் அச்சிட்டுள்ள இயல்பளவும் அனைவருக்கும் பொதுவன்று. மாரடைப்புக்கு ஆளானோருக்கு எல்.டி.எல். 55 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கின்றன இந்திய இதயவியல் வழிகாட்டுதல்கள்.

பொருளியல் நோக்கிலும் இதில் தயக்கத்துக்கு இடமில்லை. மக்கள் மருந்தகங்களில் இம்மாத்திரைகளுக்கு ஆகும் செலவு, ஒரு ஸ்டென்ட் சிகிச்சைக்கு ஆகும் செலவின் முன் மிகச் சொற்பம். உழைக்கும் வயதில் ஒருவர் வீழ்ந்தால், சிகிச்சைக் கடனும் வருவாய் இழப்பும் ஒருசேரக் குடும்பத்தை அழுத்தும்.

2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகளை இல்லங்களுக்கே கொண்டு சேர்க்கிறது. அத்தகைய தொடர் கண்காணிப்பு கொலஸ்ட்ராலுக்கும் வேண்டும். தொடங்கிய மருந்தை நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆய்வகத்தின் ஒற்றை எண் அல்ல.