கயிற்றோரத் தூர்களும் தரவுப் பணியும்

ஒரு வருவாய்க் கிராமத்தின் சராசரி நெல் மகசூல் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று அரசுக் கோப்பில் ஏறும் எண், அங்கிருந்து பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தின் கணினிக்கும் வேளாண் பொருளியலாளரின் ஆய்வுக்கும் போய்ச் சேர்கிறது; அங்கே அதை எடுத்துக் கணக்கிடுபவரைத் தரவு வல்லுநர் என்று அழைப்பதில் எவருக்கும் தயக்கமில்லை. அந்த எண்ணை வயலில் உண்டாக்கியவரையோ யாரும் அப்படி அழைப்பதில்லை. 2008-ஐ ஒட்டி ஃபேஸ்புக், லிங்க்ட்இன் போன்ற அமெரிக்க நிறுவனங்களில் டேட்டா சயின்டிஸ்ட் என்ற பதவிப் பெயர் புழக்கத்துக்கு வந்தது முதல், தரவுப் பணி என்றால் திரையின் முன் அமர்ந்து நிரல் எழுதுவது என்ற எண்ணம் வலுப்பட்டிருக்கிறது. இந்த எல்லை தவறான இடத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு, தமிழக வயல்களில் பருவந்தோறும் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையே போதிய சான்று.

கிராமம் முழுவதையும் அறுத்து எடைபோட இயலாததால், தேர்ந்த சில வயல்களில் சிறு பரப்பை மட்டும் அறுத்து, அதிலிருந்து முழுக் கிராமத்தின் விளைச்சலை மதிப்பிடும் மாதிரி முறையே இந்தப் பரிசோதனை. எந்தச் சர்வே எண்ணைத் தேர்வது, அந்த வயலின் மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி முளை அடிப்பது என்பவற்றைச் சமவாய்ப்பு எண்கள், அதாவது எவருடைய விருப்பத்துக்கும் இடம் தராதபடி முன்கூட்டியே வகுத்துத் தரப்படும் எண்கள், தீர்மானிக்கின்றன. நெல்லுக்குப் பக்கம் 5 மீட்டர் கொண்ட சதுரத்தை அளந்து, நான்கு மூலைகளிலும் முளை அடித்துக் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் பயிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடைபோட்டுப் படிவத்தில் எழுதுகிறார்கள். விதியைப் பார்த்து எவரும் செய்துவிடத்தக்க வேலையாக இது தோன்றலாம்; கயிறு ஒரு தூரின்மேல் படும் இடத்தில் அந்தத் தோற்றம் கலைகிறது. பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர்க்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், மழையில் சாய்ந்து கிடக்கும் பயிரில் எது பாதி என்பதை அரிவாளோடு குனிந்திருப்பவரும் அருகே நிற்கும் அலுவலரும்தான் முடிவு செய்தாக வேண்டும்.

அந்த முடிவின் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஓரத்துப் பயிரையும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம், கயிற்றை நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் வெளியே தள்ளிக் கட்டியதற்குச் சமமாக அமைந்தால், 25 சதுர மீட்டரில் விளைந்ததாக எழுதப்படும் நெல் உண்மையில் 26 சதுர மீட்டரில் விளைந்தது. மகசூல் 4 சதவீதம் கூடுதலாகப் பதிவாகிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கிராமத்தின் சராசரி மகசூல், முந்தைய ஆண்டுகளின் விளைச்சலை வைத்து வகுத்த உத்தரவாத மகசூலைவிட எந்த விகிதத்தில் குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. உத்தரவாத மகசூல் 2,000 கிலோ, உண்மையான விளைச்சல் 1,000 கிலோ என்றால் இழப்பு 50 சதவீதம். விளைச்சல் 1,040 கிலோ என்று பதிவானால் அதுவே 48 சதவீதமாகிவிடும். இந்தக் கணக்கு தனித்தனி வயலுக்கு அல்லாமல் கிராமம் முழுவதற்கும் ஒரே சராசரியில் போடப்படுவதால், ஒரு சில வயல்களில் சேர்த்து அறுத்த ஓரத் தூர்கள், பரிசோதனையை நேரில் கண்டிராத குடும்பங்களுக்கும் சேர வேண்டிய தொகையைக் குறைத்துவிடுகின்றன.

இந்தச் சிக்கலை இந்தியப் புள்ளியியல் விடுதலைக்கு முன்பே நேருக்கு நேர் எதிர்கொண்டது என்பது பெருமைக்குரிய செய்தி. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிர்க் கணக்கெடுப்பை நடத்தியபோது, ஒரே பகுதியில் இரண்டு குழுக்கள் தனித்தனி மாதிரிகளைக் கொண்டு, ஒன்றன் பதிவை மற்றொன்று அறியாமல் அளக்கும் முறையை வகுத்தார். இரு முடிவுகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால், நிலத்துக்கு நிலம் இயல்பாக உள்ள வேறுபாட்டோடு, அளந்தவரின் கையால் வந்த வேறுபாடும் வெளிப்பட்டுவிடும். களப்பணியாளரை அளவீட்டின் ஓர் உறுப்பாகவே அவர் கருதினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எனினும் இரு குழுக்களும் ஒரே பக்கமாகத் தவறினால் இம்முறை அதைக் காட்டாது. நெல் மகசூலை அறிய மகலனோபிஸ் குழுவினர் கையாண்ட சிறிய வட்டத் துண்டுகள் அத்தகைய பிழைக்கு இடம் தருகின்றன என்று, அன்றைய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் புள்ளியியலாளர் பாண்டுரங்க சுகாத்மே 1940-களில் சுட்டிக்காட்டினார். துண்டு சிறுக்கச் சிறுக்கப் பரப்பை நோக்கச் சுற்றளவு மிகுகிறது, அதனால் ஓரத்துப் பயிரின் பங்கும் மிகுகிறது. மேலே கண்ட அதே 5 சென்டிமீட்டர், 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 10 சதவீதத்துக்கும் கூடுதலான மிகையை உண்டாக்கும். அந்தத் தலைமுறையின் தலைசிறந்த இரு புள்ளியியலாளர்கள், அறுப்பவரின் கை எல்லையில் எப்படி இயங்கும் என்பதைச் சூத்திரங்களுக்கு நிகரான அறிவியல் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்.

தரவுப் பணிக்கான வரையறையை இங்கிருந்தே பெறலாம். உலகில் உள்ள ஒன்றை எண்ணாகவோ வகையாகவோ மாற்றும்போது, எவருடைய தீர்ப்பு மாறினால் பதிவும் மாறுமோ, அவர் செய்வது தரவுப் பணி. நிரப்பிய படிவத்தை அலுவலகத்தில் கொண்டுசேர்ப்பவர் இதில் அடங்கமாட்டார். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று எழுதிவைக்கும் பதிவேடான அடங்கலில், ஊடுபயிர் நிற்கும் வயலை எப்படிக் காட்டுவது என்று முடிவெடுக்கும் கிராம நிர்வாக அலுவலர் அடங்குவார். தானியங்கிக் கார்களுக்குக் கற்பிப்பதற்கான படங்களில், சாலையோரத்தில் தெரியும் மங்கிய உருவம் மனிதரா, கம்பமா என்று குறித்துத் தருபவரும் அடங்குவார்.

நித்யா சம்பாசிவன் கூகுளில் சக ஆய்வாளர்களுடன் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பணிக்குக் கிடைக்கும் மதிப்பை நேரடியாக ஆராய்ந்தது. இந்தியா, சில ஆப்பிரிக்க நாடுகள், அமெரிக்கா ஆகிய இடங்களில் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை உருவாக்கும் 53 பேரிடம் நடத்திய நேர்காணல்களில், தொடக்கத்தில் கவனிக்காமல் விட்ட தரவுக் குறை பின்னர் அடுக்கடுக்காகப் பெருகித் தொல்லை தந்த நிலையை 92 சதவீதம் பேர் குறைந்தது ஒருமுறையேனும் சந்தித்திருந்தது தெரியவந்தது. தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலான மாடலை மெருகேற்றுவதற்குக் கிடைக்கும் மதிப்பு, தரவைத் திருத்தமாகத் திரட்டுவதற்குக் கிடைப்பதில்லை என்பதை ஆய்வாளர்கள் ஒரு முக்கியக் காரணமாகக் கண்டார்கள்.

பயிர்க் காப்பீட்டில் 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் வழி மதிப்பீடும் சேர்க்கப்பட்டிருப்பதால், களத்தின் தேவை குறைந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். செயற்கைக்கோள் காண்பது பயிரிலிருந்து திரும்பும் ஒளியை மட்டுமே. அந்த ஒளிக்கு எத்தனை கிலோ நெல் என்று மாடலுக்குக் கற்பிப்பவை பெரும்பாலும் வயலில் அறுத்துப் பெற்ற எண்களே. அவை 4 சதவீதம் மிகையாக இருந்தால் மாடலும் அதே மிகையைக் கற்றுக்கொள்ளும். பிறகு அதே முறையில் நடந்த வேறு பரிசோதனைகளோடு ஒப்பிட்டால், இரு பக்கமும் ஒரே பிழை இருப்பதால், கணிப்பு மிகத் துல்லியம் என்றே விடை வரும். கணினி முன் எத்தனை காலம் அமர்ந்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. சில வயல்களிலாவது சதுரத்தை அறுத்த பின் முழு வயலையும் தனியே அறுத்து எடைபோட்டு ஒப்பிட வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்களும், அவர்களுக்குப் பயிற்சியும், தங்கள் ஐயங்களை எழுதப் படிவத்தில் இடமும் மாடலுக்கான செலவுத் திட்டத்திலேயே சேர்க்கப்பட வேண்டும்.