கடல் ஏறும் காலம் – 7
மாத்தளை மண்ணும் புத்தளம் கண்டலும்

மாத்தளைக்குக் கடல் கிடையாது. கடல்மட்டம் பற்றிய தொடரில் இந்த மாவட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அடைமழை நாளில் தம்புள்ளைப் பக்கத்து ஓயாக்கள் செம்மண் கரைத்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்குப் பதிலில் பாதி தெரிந்திருக்கும்.

அந்தத் தண்ணீர் கலாவெவவுக்குப் போகிறது. மாத்தளை மலைகளில் பிறக்கும் கலா ஓயா, கலாவெவ, இராஜாங்கனை ஆகிய குளங்களைக் கடந்து, வில்பத்துவின் தெற்கு ஓரமாகச் சென்று, கங்கேவாடியவுக்கு அப்பால் புத்தளம் களப்பில் விழுகிறது. அந்த முகத்துவாரத்தில் நிற்பது இலங்கையின் பெரிய கண்டல் காடுகளுள் ஒன்று.

கடல் உயர்ந்தால் கண்டல் மரம் ஓடிப் போகாது. காலடி நிலத்தை உயர்த்திக்கொள்ளப் பார்க்கும். கலங்கல் நீர் முட்டு வேர்களுக்குள் நுழைந்ததும் வேகம் இழக்கிறது. சுமந்து வந்த வண்டல் வேரிலும் சேற்றிலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதோடு, செத்த வேர்கள் காற்றுப் புகாத சேற்றுக்குள் எளிதில் மக்குவதில்லை. அவையும் சேர்ந்து தரையை உயர்த்துகின்றன. எல்லாம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான்.

கடலோடு நடக்கும் இந்தப் போட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. கடந்த பத்தாயிரம் ஆண்டுகளின் படிவுகளை ஆராய்ந்த நீல் செயின்டிலன் குழு, 2020இல் 'சயன்ஸ்' இதழில் அதைச் சொன்னது: கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் கண்டல் தரையால் பெரும்பாலும் ஈடுகொடுக்க முடியாது. உலகச் சராசரி இப்போதே 4 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டது.

வண்டல் தாராளமாக வந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். வழியில்தான் தடை. 1976இல் பொல்கொல்லையிலிருந்து சுரங்கம் வழியே மகாவலி நீர் உக்குவளைக்கு வந்தது. போவத்தென்ன நீர்த்தேக்கம் அதில் ஒரு பங்கைக் கலா ஓயாப் பக்கம் திருப்பியது. ஆக, ஆற்றுக்குத் தண்ணீர் கூடியது. மண்ணோ அணைக்கு அணை தங்கிவிடுகிறது. பழியை மகாவலித் திட்டத்தின் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. கலாவெவவைக் கட்டிய தாதுசேனன் 5ஆம் நூற்றாண்டு மன்னன். குளம் இல்லாவிட்டால் வயல் இல்லை. அணையை உடை என்று யாரும் சொல்லப்போவதில்லை, நானும் சொல்லவில்லை.

மேட்டிலிருந்து வரும் மண் குறைந்தால், கண்டலுக்கு மிஞ்சுவது பின்வாங்கும் வழி. கடல் முன்னேற முன்னேற, மிதந்து வரும் நாற்றுகள் கரைப்பக்கம் வேரூன்ற வேண்டும். எங்கே ஊன்றுவது? களப்பைச் சுற்றி உப்பளம், தென்னந்தோட்டம், வீதி. 1980களிலிருந்து கண்டலை வெட்டி இறால் பண்ணைகளையும் அமைத்தார்கள். பிறகு நோய் விழுந்து பல குட்டைகள் கைவிடப்பட்டன. வரம்புகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அலைநீர் உள்ளே வர வழியில்லை.

நாற்று நட்டுப் புகைப்படம் எடுப்பதைவிட, கைவிட்ட குட்டைகளின் வரம்பை வெட்டி நீரோட்டத்தைத் திறந்துவிடுவது மேல். நீர் சரியாக ஏறி இறங்கினால், பக்கத்தில் தாய்மரம் இருக்கும் இடத்தில் நாற்று தானே வரும். புத்தளத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மாத்தளை மலைச்சரிவில் பிறக்கும் இன்னொரு நீர், அம்பன் கங்கை, மகாவலியோடு சேர்ந்து கொட்டியாரக்குடாவுக்குப் போகிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.