புற்றுக்காளானைத் தேடுதலும் அறிதலும்

மழைக்காலத் தொடக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் முளைக்கும் காளான்களுள் ஜனங்கள் மிகவும் விரும்பித் தேடுவது புற்றுக்காளான். அகஸ்தியமலைப் பகுதியில் வாழும் காணிக்காரர் காளான் சேகரிப்பதில் நெடுநாட் பழக்கமுள்ளவர். சருகு மூடிய அடர்ந்த காட்டில் எங்கும் அலைந்து திரிவது வீண் சிரமம். பழகியவர் கண் முதலில் நாடுவது கறையான் இருக்குமிடத்தையே.

இதற்குக் காரணம் உண்டு. கறையானில் சில வகைகள் சருகையும் உளுத்த மரத்தையும் மென்று, புற்றினுள் கடற்பஞ்சு போன்ற அடைகளாகச் சேர்த்து வைக்கும். அவ்வடையில் வளரும் பூசணம், கறையான் தானே எளிதில் ஜீரணிக்க இயலாத நார்ப்பொருளைப் பதமாக்கிக் கொடுக்கிறது. இதனைக் கறையானின் பயிர்த்தொழில் என்றே சொல்லலாம். மழையால் மண் நன்றாய் நனைந்ததும் அப்பூசணமே நிலத்தைப் பிளந்து குடையாக வெளிவருகிறது. இடி இடித்தால் காளான் பிறக்கும் என்னும் பேச்சு, இடியோடு வரும் மழையைக் கண்டு எழுந்ததாகும். புற்று தரைக்குமேல் தெரியவேண்டுமென்னும் நியதியில்லை. ஓரிடத்தில் கண்டவர் மறுவருஷமும் அங்கேயே சென்று பார்ப்பர். புற்றைக் கிளறிச் சிதைத்துவிட்டால் அந்த வரவு போய்விடும்.

புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு அடைவரை செல்லும். ஆகவே முதற்காளானை மேலோடு ஒடிக்காமல், சுற்றிலும் மண்ணை விலக்கிப் பார்த்தல் அவசியம். தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை காணப்பட்டால் அதனை விட்டுவிடவேண்டும். கொடிய விஷக்காளான்கள் பல அவ்வினத்தவை. புல்வெளிகளில் பெரிய வெண்குடை விரிக்கும் வேறொரு காளானும் உண்டு. அதனை உண்டவர்க்குக் கடும் வாந்தியும் பேதியும் காணும். குடையை வெள்ளைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் மெல்லிய தூள் படியும். புற்றுக்காளானின் தூள் வெளிறிய ரோஜா நிறம். அந்த வெண்குடைக் காளானுக்கோ பச்சை. இவ்வடையாளங்கள் ஆகாததை விலக்குவதற்கே உதவும். உண்ணலாமென்று தீர்மானிக்க, அவ்வட்டாரத்துக் காளானை நன்கறிந்தவர் ஒவ்வொன்றையும் நேரில் பார்த்தாகவேண்டும்.

வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்தது நல்லது என்பன முழுப்பொய். கொதிக்க வைத்தாலும் மிகக் கொடிய விஷம் நீங்காது. அதனை உண்டவர்க்குப் பெரும்பாலும் 6 மணி நேரத்திற்கு மேல் ஒன்றும் தோன்றாது. பின்பு வாந்தியும் பேதியும் கண்டு, மறுநாள் குணமடைந்தாற்போல் இருக்கும். அச்சமயத்திலேதான் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது. ஆகையால் நோய் தணிந்ததென்று வீட்டில் தங்காமல், மீந்த காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கூட உண்டவர் அனைவரும், சுகமாயிருப்பினும், உடன் செல்லுதல் வேண்டும்.

புற்றுக்காளானை வியாபார முறையில் பயிரிட இன்றுவரை வழி ஏற்படவில்லை. காளான் விற்பனையை மேற்கொள்ள விரும்பும் சங்கத்தார்க்கு, வைக்கோலில் வளரும் சிப்பிக்காளானே தக்கது. அதன் வித்தைப் புட்டிகளிலோ பைகளிலோ வாங்கலாம். நிழலும் ஈரமுமுள்ள ஒரு கொட்டகை போதும்.